‘அயோன்’: காலத்தைக் குறிக்கும் ஒரு சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘அயோன்’ என்னும் சொல் நீண்டதொரு காலப்பகுதியைக் குறிக்கும். 1871இல் வெளிவந்த நம் பழைய திருப்புதலில் அச்சொல் ஒரே வடிவில் நிற்பதில்லை. மத்தேயு 12:32இல் இம்மை, மறுமை என்றும், 28:20இல் உலகம் என்றும், ரோமர் 12:2இல் பிரபஞ்சம் என்றும் வருகிறது. அதனின்று பிறந்த ‘அயோனியோஸ்’ என்னும் பெயரடையோ பெரும்பாலும் ‘நித்திய’ என்றாகிறது. இவையாவும் ஒரே வேரின் கிளைகள் என்பது தமிழில் மட்டும் வாசிப்போருக்குப் புலப்படாது.

ஹோமரின் காவியங்களில் அயோன் என்பது ஒருவனின் ஆயுளைக் குறித்தது. பின்னர் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, எபிரெய ‘ஓலாம்’ என்னும் சொல்லுக்கு அதனை ஈடாகக் கொண்டது. ஓலாம் தன்னளவில் இவ்வளவென்று கணக்கிட்ட காலமன்று. எதனைப் பற்றிப் பேசப்படுகிறதோ, அதனாலேயே அதன் நீளம் அறியப்படும். காது குத்தப்பட்ட அடிமையின் ஊழியம் (யாத். 21:6) அவன் ஆயுளைக் கடவாது. யோனாவை அடைத்த தாழ்ப்பாள்கள் மூன்று நாளில் திறந்தன. ஆனால் சங்கீதம் 90:2இல் அச்சொல் கடவுளைக் குறித்து வருகையில், அதற்கு எல்லையில்லை.

யூதர் இவ்வுழி, வரும் ஊழி எனக் காலத்தை இரண்டாகக் கண்டனர். மாற்கு 10:30இல் நம் ஆண்டவர் ‘வரும் அயோனில் அயோனியோஸ் வாழ்வு’ என்று அவ்விரு சொற்களையும் இணைக்கிறார். தமிழில் மறுமை என்றும் நித்தியஜீவன் என்றும் பிரிந்து நிற்பதால் அவ்விணைப்பு மறைந்துபோயிற்று. ஆகவே நம் சபையார் நித்தியஜீவனை முடிவற்ற நாட்களின் தொகையாகவே எண்ணுகின்றனர். யோவான் 5:24 அதனை விசுவாசி இப்பொழுதே உடையவன் என்கிறது. 17:3 அதனைக் கடவுளை அறிதல் என்கிறது.

அப்படியாயின் ‘நித்திய’ என்பது பிழையோ? அன்று. மத்தேயு 25:46இல் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் அதே அடைமொழி நிற்பதால், ஒன்றை மட்டும் சுருக்கிவிட இயலாது. எனினும் நம் நம்பிக்கையின் உறுதி ஓர் அடைமொழியின் நீளத்தைச் சார்ந்ததன்று. வாழ்வைத் தரும் கடவுளைச் சார்ந்தது.

‘ஊழி’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை ஆளலாம் என்பார் உளர். திருக்குறளின் சான்றாண்மை அதிகாரத்தில் அது காலத்தின் பேரெல்லையாக வருகிறது. ஆயினும் பரிபாடல் காட்டும் ஊழிகள் மாறி மாறி வருவன. வேதத்தின் வரும் ஊழியோ மீண்டும் கழிந்துபோவதன்று. எனவே அச்சொல்லை மொழிபெயர்ப்பில் ஏற்றுவதினும், விளக்கவுரையில் ஆளுதலே தக்கது.

கல்லறையருகே நின்று நித்தியஜீவனைப் பற்றிப் பேசும் போதகர், இறந்தவருக்கு இனி வரும் காலத்தை மட்டுமன்று, அழுது நிற்போருக்கு இன்றே அருளப்படும் வாழ்வையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்.