முஸ்டாங்கின் வயிற்றில் ஜப்பான்: 'டோக்கியோ டிரிஃப்ட்' பிரதியை முன்வைத்துச் சில திருத்தங்கள்

இரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு கட்டுரை படித்தேன். 2006இல் வந்த 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ்: டோக்கியோ டிரிஃப்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் ஒரே ஒரு காரியத்தைப் பற்றிய கட்டுரை அது. 1967ஆம் வருஷத்து ஃபோர்டு முஸ்டாங் காருக்குள் நிஸான் கம்பெனியின் இரட்டை டர்போ எஞ்சினை இறக்கி, அந்த வண்டியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஜப்பானிய மலைப்பாதையில் ஜெயிக்கிறான். 'அமெரிக்கத் தோலுக்குள் ஆசிய இதயம், இது உறுப்புத் திருட்டு' என்று எழுதியிருந்தேன். வட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. 'தோழர், நீங்க எழுதினதப் பார்த்தா எஞ்சின்ங்கறது பையில இருந்து எடுத்து இன்னொரு பையில போடற சாமான் மாதிரி இருக்கு. ஒரு எஞ்சினைத் தூக்கி இன்னொரு வண்டியில வச்சுப் பார்த்திருக்கீங்களா?' என்றார். நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் அடங்கிய பின் எழுதுவது இது. பழைய கட்டுரையை நான் வாபஸ் வாங்கவில்லை. அது எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் படத்தின் கதையாடல். அமெரிக்காவில் கார் ஓட்டி வம்பில் மாட்டிக்கொள்ளும் ஷான் என்ற பையன், சிறைக்குப் போகாமலிருக்க டோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவன் அப்பா அமெரிக்கக் கடற்படை அதிகாரி. (படம் இந்தத் தகவலைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. 1945க்குப் பிறகு ஜப்பானில் அமெரிக்க ராணுவம் இருந்துகொண்டே இருக்கிறது என்பது படத்துக்கு ஒரு வீட்டு விலாசம், அவ்வளவுதான்.) ஹான் என்பவன் தன்னுடைய நிஸான் சில்வியாவை ஷானிடம் ஓட்டக் கொடுக்கிறான். டிரிஃப்ட் என்ற வித்தை தெரியாத ஷான் அதை ஒரு அடுக்குமாடி வண்டி நிறுத்தத்தில் மோதி நொறுக்குகிறான். கடனைக் கழிக்க ஹானிடம் வேலை செய்கிறான், வித்தையும் கற்கிறான். ஹான் சாகிறான். வேறு வண்டி இல்லாத நிலையில், அப்பாவின் பழைய முஸ்டாங்குக்குள் நொறுங்கிய சில்வியாவின் எஞ்சினை நண்பர்கள் சேர்ந்து பொருத்துகிறார்கள். உள்ளூர் மலைப்பாதையின் அதிபதியாக இருக்கும் டிகே என்ற ஜப்பானியனை அந்த வண்டியில்தான் ஷான் தோற்கடிக்கிறான்.

என் பழைய வாசிப்பு கிட்டத்தட்ட தானாகவே எழுதிக்கொள்ளும் என்பது தெரிகிறதல்லவா? அதற்குச் சரித்திரமும் துணைக்கு இருந்தது. 1981இல் அமெரிக்க நெருக்குதலால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் என்று 'தானாக முன்வந்து' குறுக்கிக்கொண்டது. 1982 ஜூனில் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன அமெரிக்கரை, கார்த் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரும் வேலை இழந்த கார்த் தொழிலாளியான அவருடைய வளர்ப்பு மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஜப்பானிய கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் அந்த ஊரில் கொதித்துக்கொண்டிருந்த காலம். செத்தவர் ஜப்பானியர்கூட இல்லை. சில நாட்களில் அவருக்குக் கல்யாணம் நடக்க இருந்தது. 1983இல் கிடைத்த தீர்ப்பு: தலைக்கு 3,000 டாலர் அபராதம், மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு. பிறகு நடந்த மத்திய அரசு வழக்கிலும் கடைசியில் விடுதலைதான். இருவரும் சிறைத்தண்டனை அனுபவிக்கவில்லை. அதே டெட்ராய்ட்டின் பெருமைச் சின்னமான முஸ்டாங்குக்குள் 24 வருஷம் கழித்து ஒரு ஜப்பானிய எஞ்சினை வைத்துச் சினிமா கொண்டாடும்போது, இந்தப் பிணத்தைத் தாண்டாமல் அந்தப் பிரதிக்குள் நுழைய முடியாது. இதை இப்போதும் சொல்கிறேன்.

ஆனால் நண்பர் கேட்டது வேறு கேள்வி. பெட்ரோல் அம்பாசடருக்குள் டீசல் எஞ்சின் இறக்கிய அனுபவம் உள்ளவர் அவர். 'உள்ள வர்றது சும்மா வராது தோழர். வீட்டையே இடிக்கும்' என்றார். என்ன இடிக்கும் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஆர்பி26டிஇடிடி என்பது அந்த எஞ்சினின் பெயர். 1989இல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரோடு வந்தது. 2.6 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. முஸ்டாங்கின் முன்வயிறோ அமெரிக்க எஞ்சின்களுக்காக, அதிலும் குட்டையான வி8க்கு இடம் விட்டு, செய்யப்பட்டது. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் கோபுரங்கள் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கும். ஆறு சிலிண்டர் வரிசை நீளம், டர்போக்களோ பக்கவாட்டில் இடம் கேட்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கைப் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். ஜிடி-ஆர் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாதலால் அதன் ஆயில் சம்ப்போடு முன் டிஃபரென்ஷியல் ஒட்டியிருக்கும். பின்சக்கர வண்டிக்கு அந்தச் சம்ப்பையே மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் மாறினால் புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். கார்புரேட்டரில் பெட்ரோல் குடித்துப் பழகிய வண்டிக்கு உயர் அழுத்தப் பம்ப், புது பெட்ரோல் லைன், எஞ்சினின் கம்ப்யூட்டர், அதன் மொத்த வயரிங். டர்போ அழுத்திச் சூடாக்கும் காற்றைக் குளிரவைக்க முன்பக்கம் இன்டர்கூலர். இத்தனை வேகத்தையும் நிறுத்தப் பழைய பிரேக் போதாது. ஆக, எஞ்சின் உள்ளே போன பிறகு அந்த வண்டியில் முஸ்டாங்காக மிஞ்சுவது தகடும், கண்ணாடியும், முன்கிராதியில் ஓடுகிற குதிரையும்தான்.

படத்தில் இந்த வேலை முழுவதும் பாட்டுப் பின்னணியில் துண்டுதுண்டான காட்சிகளாகக் கடந்துவிடுகிறது. உழைப்பைச் சுருக்கிவிட்டு விளைவைக் காட்டுவது சினிமாவின் பழைய தந்திரம். நானும் அதே தந்திரத்தைத்தான் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. 'தோல்', 'இதயம்' என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நடுவிலிருந்த வெல்டிங்கையும் வயரிங்கையும் என் கட்டுரையும் விழுங்கிவிட்டது. உழைப்பைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறவனின் விமர்சனத்தில் உழைப்பைக் காணோம்.

நடுவில் இருப்பதைப் பார்த்தால் வேறு சிலதும் தெரிகிறது. முதலாவது, 'ஆசிய இதயம்' என்ற என் சொல். டர்போ எங்கிருந்து வந்தது? எஞ்சின் வெளியே துப்புகிற கழிவுப் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியால் அதிகக் காற்றை உள்ளே திணிக்கும் யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரெட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். டர்போ பொருத்திய பயணிகள் கார்களை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அமெரிக்கா: 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வைர். அந்த ஜிடி-ஆர் எஞ்சினின் இரண்டு டர்போக்களிலும் இருக்கும் பெயர் காரெட், கலிஃபோர்னியாவில் பிறந்த கம்பெனி. ஆக, 'இதயத்'துக்குள்ளும் வேறு கைகள் இருக்கின்றன. தூய ஜப்பானை எதிர்பார்த்து மூடியைத் திறந்தவனுக்கு உள்ளே சுவிட்சர்லாந்தும் கலிஃபோர்னியாவும் கிடைக்கின்றன.

இந்த இடத்தில் நம் பின்நவீனத்துவத் தோழர்கள் கைதட்டுவார்கள் என்று தெரியும். 'பார்த்தீர்களா, மூலம் என்று எதுவுமில்லை, எல்லாம் கலப்பு, ஆகவே திருட்டும் இல்லை.' அங்கேயும் என்னால் போய் உட்கார முடியவில்லை. கலப்பு எல்லா இடத்திலும் நடக்கிறது, வாஸ்தவம். எல்லோருக்கும் ஒரே விலையிலா நடக்கிறது? அமெரிக்காவில் 1988இல் ஒரு சட்டம் வந்தது. அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்படி செய்யப்படாத அயல்நாட்டு கார், 25 வயது ஆகும்வரை சாலைக்கென்று உள்ளே வருவது ஏறக்குறைய முடியாத காரியம். 1989இன் ஜிடி-ஆர் 2014வரை காத்திருந்தது. ஆனால் வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் உதிரி பாகமாகக் கப்பலில் வரலாம், வந்துகொண்டும் இருந்தது. கலிஃபோர்னியாவிலும் பிற இடங்களிலும் பழைய வண்டிகளுக்குள் ஜப்பானிய டர்போ எஞ்சின் இறக்கிய இளைஞர்கள் இந்தச் சந்து வழியாகத்தான் வாங்கினார்கள். முழு உடம்புக்குக் கதவு சாத்தியிருக்கிறது, உழைக்கிற உறுப்புக்குத் திறந்திருக்கிறது. இதை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? குடியேற்றத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கலப்பைக் கொண்டாடுகிறவர்கள் முதலில் சுங்கச்சாவடியில் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது, ஹான். படத்தின் இயக்குநர் ஜஸ்டின் லின், தைவானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 2002இல் அவர் எடுத்த 'பெட்டர் லக் டுமாரோ' சின்ன முதலீட்டில் உருவான படம். அதன் முக்கிய பாத்திரங்கள் ஆசிய அமெரிக்கப் பையன்கள். அதில் சங் காங் நடித்த பாத்திரத்தின் பெயரும் ஹான். அதே நடிகரை, அதே பெயரோடு, ஸ்டுடியோவின் மூன்றாம் பாகத்துக்குள் லின் கொண்டுவந்து இறக்குகிறார். அதாவது படத்துக்குள் முஸ்டாங்கில் நடக்கிற காரியம், படத்தின் தயாரிப்பிலும் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது: பெரிய கம்பெனியின் கூட்டுக்குள் ஒரு சிறிய படத்தின் எஞ்சின்.

அந்த எஞ்சின் கூட்டை என்ன செய்தது? இந்தப் படத்தில் ஹான் சாகிறான். ஆசியக் குரு செத்து வெள்ளைச் சீடன் ஜெயிப்பது தேய்ந்த வாய்பாடு என்று எழுதியிருந்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தேன். ஹானை விட்டுவிட முடியாமல், 2009, 2011, 2013 ஆகிய வருஷங்களில் லின் எடுத்த அடுத்த மூன்று பாகங்களும் கதைக் காலத்தில் 'டோக்கியோ டிரிஃப்ட்'டுக்கு முன்னால் நடப்பதாக மாற்றப்பட்டன. ஒரு ஆசியப் பாத்திரத்தைப் பிழைக்க வைக்க, தொடரின் காலவரிசையையே வெட்டி வெல்டிங் வைத்தார்கள். 2021இல் வந்த 'எஃப்9' படத்தில் அவன் சாகவே இல்லை என்று திரும்ப வந்தான். ரசிகர்கள் அவனுக்கு நியாயம் கேட்டுச் சத்தம் போட்டதும் அதில் சேர்த்தி. 'உள்ள வர்றது வீட்டையே இடிக்கும்' என்று நண்பர் சொன்னது இதைத்தான். திருட்டு என்று மட்டும் எழுதியபோது, உள்ளே போனவன் அங்கே என்ன செய்தான் என்பதை நான் அவனிடமிருந்து பறித்திருக்கிறேன். பலியாள் என்று ஒருவனுக்குப் பரிந்து பேசியே அவன் வாயை அடைக்க முடியும். விமர்சகர்கள் அடிக்கடி செய்கிற காரியம் இது, நான் உட்பட.

இதற்காகப் படத்துக்கு நற்சான்று கொடுக்கப் போவதில்லை. கெயிச்சி சுச்சியா என்ற ஓட்டுநர் டிரிஃப்டை ஜப்பானிய மலைப்பாதைகளிலிருந்து உலகத்துக்குக் கொண்டுபோன பெயர். இந்தப் படத்தில் அவர் வருகிறார், ஒரு மீன்பிடிக்கிறவராக. பயிற்சியில் ஷான் தடுமாறுவதைப் பார்த்துக் கரையிலிருந்து கிண்டலடித்துவிட்டு மறைகிறார். வித்தையின் ஆசான் கரையில், கற்றவன் போஸ்டரில். இன்னொன்று: படப்பிடிப்புக்குச் செய்த முஸ்டாங்குகளில் நிஜமாகவே நிஸான் எஞ்சின் இருந்தது ஒன்றில்தான், சாகசத்துக்கு ஓட்டியவற்றில் அமெரிக்க வி8தான் உறுமியது என்கிறார்கள் அதைப் பற்றி எழுதியவர்கள். கலப்பைப் பற்றிய கதை, கலக்காத வண்டியில் ஓடியிருக்கிறது.

ஆகவே இப்போது ஒரு பிரதிக்குள் அயலான ஒன்று இறங்கியிருப்பதைப் பார்க்கும்போது, 'திருட்டு' 'கலப்பு' என்ற இரண்டு முத்திரைகளையும் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். வெட்டியது, ஒட்டியது யார் கை? உள்ளே வந்ததற்காகக் கூடு எந்த அளவு மாற வேண்டியிருந்தது? எல்லாம் முடிந்த பிறகு முகப்பில் யார் பெயர்? முஸ்டாங் விஷயத்தில் முதல் கேள்விக்குப் படம் மழுப்புகிறது. இரண்டாவதற்கு, படத்தையும் மீறித் தொடர் பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் அந்தக் குதிரை. அது அசையவே இல்லை.

இதை எழுதி முடித்து நண்பரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: 'சரிதான் தோழர். அந்தச் சில்வியா என்ன ஆச்சு?' எஞ்சினைக் கழற்றிய பிறகு அந்த வண்டியின் வெற்றுக்கூடு எங்கே போனது என்று படமும் கேட்கவில்லை, இரண்டு முறை எழுதிய நானும் கேட்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் இருப்பவருக்குத்தான் அது கண்ணில் படுகிறது. அவர் வாசலில் அப்படி நாலைந்து கூடுகள் நிற்கின்றன.