திசையற்ற வட்டம்: பாஞ்சோவின் தோலும் அதன்மேல் ஒரு பெயரும்

இசைக்கருவியைச் செப்பனிடும் கலையில் காதுக்கு உரிய முடிவுகள், கண்ணுக்கு உரிய முடிவுகள் என இரு வகை உண்டு. முதல் வகை, கருவி ஒலிக்கத் தொடங்கிய பிறகும் திருத்தத்தக்கது. இரண்டாம் வகையோ பெரும்பாலும் கருவி வாய் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியது. அமெரிக்கப் பாஞ்சோவின் தோலை மாற்றும் வேலையில் இவ்விரண்டும் ஒரே வட்டத்துக்குள் சந்திக்கின்றன. அந்தத் தோலின் இறுக்கம் கருவியின் குரலைத் தீர்மானிக்கிறது. அதன்மேல் அச்சிட்ட தயாரிப்பாளரின் சின்னமோ குரலில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. ஆயினும் சின்னம் நிற்கவேண்டிய இடத்தை முதலில் முடிவுசெய்த பிறகே இறுக்கத்தைப் பற்றிச் சிந்திக்க முடியும் என்பதால், ஒலிக்குச் சம்பந்தமில்லாத அந்தச் சிறு அச்சே முழு வேலையின் ஒழுங்கையும் வகுத்துத் தருகிறது.

இங்கே பேசப்படும் பாஞ்சோ, இந்தியத் தெரு இசைக்குழுக்களில் அதே பெயரோடு வழங்கும், விசைகளை அழுத்தி வாசிக்கும் கருவி அன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், தம் நினைவிலிருந்த கருவிகளின் வழியில் சுரைக்குடுக்கையின் வாயில் தோல் போர்த்தி, நீண்ட தண்டி பொருத்தி உருவாக்கிய தந்திக்கருவி அது. தொடக்கத்தில் தோல் குடுக்கையோடு ஆணியடித்தோ ஒட்டியோ நிலையாகப் பொருத்தப்பட்டது. ஆகவே மழைக்காலத்தில் அது தொய்ந்தால் நெருப்பருகே காட்டி உலர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. 1840களில் பால்டிமோர் நகரில் வில்லியம் பௌச்சர் போன்றோர் குடுக்கைக்குப் பதிலாக வளைத்த மர வளையத்தையும், தோலைச் சுற்றிலும் கீழ்நோக்கி இழுக்கும் உலோகக் கொக்கிகளையும் கொண்ட பாஞ்சோக்களைச் செய்து விற்றபோது, தோல் கழற்றி மாட்டத்தக்க உறுப்பாயிற்று. தோல் மாற்றுதல் ஒரு தனிக் கைத்திறனாக வளர்ந்தது அந்தக் கொக்கிகளின் வரவால்தான்.

நூறாண்டுக் காலத்துக்கு மேல் அந்த இடத்தில் இருந்தது கன்றுத்தோல். அதை நீரில் ஊறவைத்து, கம்பி வளையமொன்றில் சுற்றி மடித்து, ஈரத்தோடு கருவியில் ஏற்றி, உலர விட்டு, பிறகு சிறிது சிறிதாக இறுக்குவார்கள். விலங்கின் முதுகுத்தண்டு சென்ற வழி தோலில் சற்றுத் தடித்த கோடாகத் தெரியும் என்பதால், அக்கோடு தந்திகளின் போக்கோடு ஒத்துச் செல்லுமாறு வைப்பதைச் சில கைவினைஞர் விரும்பினர். அதாவது இயற்கைத் தோலுக்குத் தனக்கென்று ஒரு திசை இருந்தது. ஈரக்காற்றில் தளர்ந்தும் வெயிலில் விறைத்தும் அது வாசிப்பவரைச் சோதித்தது. 1920களின் நடன அரங்குகளுக்கென்று செய்யப்பட்ட பாஞ்சோக்கள் சிலவற்றின் உள்ளே சிறு மின்விளக்கு பொருத்தி, தோலை உலர்வாக வைத்துக்கொண்டதோடு, அதன்மேல் தீட்டிய இயற்கைக் காட்சிகளையும் ஒளிர வைத்தார்கள்.

1950களின் நடுவில் பாலியெஸ்டர் படலம் மேளங்களுக்கு வந்தது. 1957-இல் ரெமோ பெல்லி கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அந்தப் படலத்தை அலுமினிய வளையத்தில் உறுதியாகப் பிணைத்துப் பெருமளவில் விற்றது. பாஞ்சோவும் விரைவில் அதை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள இந்தப் படலம் ஈரத்துக்கு அசையாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தன்மையோடு இழுபடும். ஆனால் முதுகுக்கோடு இல்லாத இந்த வட்டத்துக்குத் திசை என்று ஒன்று கிடையாது. பாஞ்சோவின் மற்ற உறுப்புகள் பலவும் திசை அறிந்தவை: தோலை அழுத்தும் உலோக வளையத்தில், தண்டியின் முனை நுழைவதற்கென்று ஒரு வெட்டு இருக்கும், தந்திகளின் மறுமுனையைப் பூட்டும் டெயில்பீஸ் என்னும் தகடு அதற்கு நேரெதிரே நிற்கும், வலக்கை சாயும் கைதாங்கிக்கும் தனி இடம் உண்டு. புதிய படலத்தை மட்டும் எப்படிச் சுழற்றி வைத்தாலும் அதே குரல்தான் வரும். அதன் ஓரத்தில் ஒரு பெயர் அச்சிடப்பட்டதும், அந்த வட்டத்துக்கும் மேல் கீழ் என்ற நிலை வந்துவிடுகிறது.

வேலையின் ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்து காண்பது நலம். புளூகிராஸ் இசைக்குரிய ஐந்து தந்திப் பாஞ்சோக்களில் பரவலாகக் காணப்படும் கிப்சன் மாஸ்டர்டோன் வகையை எடுத்துக்கொண்டால், அதன் தோல் 11 அங்குல விட்டமுடையது. அதைச் சுற்றி 24 கொக்கிகள் நிற்கும். 1945-இல் பில் மன்றோவின் புளூகிராஸ் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் மீட்டலால் புகழ்பெறச் செய்த குரல், இந்த வகையின் குரலே. முதலில் தந்திகளைத் தளர்த்தும்போது, அவற்றைத் தாங்கித் தோல்மேல் வெறுமனே நிற்கும் குதிரை என்னும் சிறு மரத்துண்டு விழுந்துவிடும் என்பதால், அதன் கால்கள் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பிறகு பின்புறத்து மரக்கிண்ணமாகிய ரெசனேட்டரையும், டெயில்பீஸையும், கைதாங்கியையும் கழற்றி, கொக்கிகளின் நட்டுகளை ஒரே பக்கமாக அல்லாமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள். ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகியிருந்தால் வளையம் கோணும். பழைய தோலை எடுத்தபின் வெளிப்படும், மர வளையத்தின் மேல் அமர்ந்த வெண்கல நாத வளையத்தைத் துடைத்து, படலம் பதியும் விளிம்பில் அழுக்கோ பிசிறோ இல்லாதபடி பார்ப்பதும், உட்புறத்தில் தண்டியைப் பிணைக்கும் கம்பிகள் தளர்ந்துள்ளனவா என்று சோதிப்பதும் இந்த இடைவேளையில் செய்யவேண்டியவை.

புதிய தோலை வாங்கும்போது விட்டத்தோடு இன்னோர் அளவையும் பார்க்கவேண்டும்: அலுமினிய வளையத்திலிருந்து படலத்தின் மேல்தளம் வரையுள்ள உயரம். இது குறைவாக இருந்தால் அழுத்தும் வளையம் தோலுக்கு மேல் எழுந்து நின்று வாசிக்கும் கையைத் தடுக்கும். மிகுதியாக இருந்தால் வளையம் கீழே இறங்கிக் கொக்கிகளின் மரை போதாமல் போகும். மேற்பரப்பிலும் வகைகள் உண்டு. மேலே பனிபடர்ந்தாற்போல் பூச்சுள்ளது, அதே பூச்சு அடிப்புறத்தில் உள்ளது, கண்ணாடிபோல் தெளிந்தது, தோலின் தோற்றத்தைப் போலச் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறமும் நாதமும் இருப்பதைத் தேர்ந்த காதுகள் பிரித்தறியும்.

இனி, சின்னத்தின் கேள்வி. படலத்தை நாத வளையத்தின்மேல் வைத்ததும், அழுத்தும் வளையத்தை ஏற்றுவதற்கு முன், அந்த வட்டத்தைச் சுழற்றிப் பெயர் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். இறுக்கிய பிறகு மனம் மாறினால் இருபத்துநான்கு நட்டுகளையும் மீண்டும் தளர்த்தவேண்டும். அது மட்டுமன்று, இழுவிசைக்கு ஏற்பத் தன் விளிம்பை ஒருமுறை வடிவமைத்துக்கொண்ட படலத்தைத் திருப்பி வைத்தால், அந்த விளிம்பு புதிய இடத்தில் மறுபடி படியவேண்டியிருக்கும். ஆகவே இம்முடிவுக்கு ஒரு வாய்ப்புத்தான் என்று கொள்வதே முறை.

தீர்மானத்துக்கு முதல் வழிகாட்டி, கருவியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவை. தண்டியின் தலையில் முத்துச்சிப்பி பதித்த தயாரிப்பாளரின் பெயர், பாஞ்சோவை நிமிர்த்தி நிறுத்தினால் நேராகப் படிக்கும்படி அமைந்தது. தோலிலுள்ள பெயரும் அதே நிலையில் படிக்கப்படவேண்டும் என்பது ஒரு கட்சி. அவ்வாறு அமைத்தால் தாங்கியில் நிற்கும் கருவி மேலிருந்து கீழ்வரை ஒரே மொழியில் பேசும். மடியில் கிடையாக ஏந்தி வாசிக்கும்போது எதிரிலிருப்பவர் நேராகப் படிக்குமாறு வைக்கவேண்டும் என்பது மறுகட்சி; இசைக்கருவியின் இயல்பான நிலை வாசிக்கப்படும் நிலையே என்பது அதன் நியாயம். எதைத் தேர்ந்தாலும், தண்டியின் மேல்முனையின் நடுவிலிருந்து டெயில்பீஸின் நடுவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அந்த நடுக்கோட்டை அளவாகக் கொண்டே சின்னத்தை நிறுத்துவார்கள். வெறும் கண்மதிப்பில் நேரென்று தோன்றியது, தந்திகள் ஏறி நேர்கோடுகள் ஐந்து அருகில் வந்து நின்றதும் சாய்வாகத் தெரியக்கூடும்.

இரண்டாவது வழிகாட்டி, கை புழங்கும் நிலம். வலக்கையால் மீட்டுபவரின் முழங்கை கைதாங்கியைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும். குதிரையின் அருகே, முதல் தந்திக்கு அப்பால், அவர் ஊன்றும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பூச்சைத் தேய்த்து வழுவழுப்பாக்கும். டெயில்பீஸின் அடியில் எதை எழுதினாலும் பாதி மறையும். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது, முதல் தந்தியின் பக்கத்தில், தண்டி முடியும் இடத்துக்கும் குதிரைக்கும் இடையே, ஓரத்தை ஒட்டிய பிறை வடிவ இடம். அங்கே நிற்கும் பெயர் தேயாது, மறையாது, தந்திகளோடு போட்டியிடாது.

சின்னத்தை ஓரத்தில் அச்சிடுவதற்கு இயற்பியலும் துணை நிற்கிறது. விளிம்பில் அழுத்திப் பிடிக்கப்பட்ட படலம் அந்த விளிம்பில் அதிர்வதே இல்லை. ஆகவே அங்கே ஏறும் மையின் எடை நாதத்தைத் தீண்டாது. படலத்தின் நடுவே எடை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மிருதங்கத்தின் கரணையே சான்று: அந்தக் கரிய சோறுதான் தோலின் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்துகிறது என்பதை 1920-லும் பின்னரும் சி. வி. ராமன் ஆராய்ந்து காட்டினார். பாஞ்சோவுக்கு அத்தகைய திருத்தம் தேவையில்லை. ஏறத்தாழ 2 கிராம் எடையே உள்ள மேப்பிள் மரக் குதிரை, தந்திகளின் அதிர்வை மெல்லிய படலத்துக்குக் கடத்த, அந்த ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கவேண்டும் என்பதே அதன் அழகு.

மூன்றாவது வழிகாட்டி, அது யாருடைய பெயர் என்னும் கேள்வி. கலிஃபோர்னியாவில் 1975-இல் தொடங்கிய டீரிங் போன்ற பாஞ்சோ நிறுவனங்கள் தம் பெயரையே தோலில் அச்சிடுகின்றன. அங்கே தலையும் தோலும் ஒரே பெயரைச் சொல்வதால் முரண் இல்லை. ஆனால் தனியாக விற்கும் தோலில் அத்தோலைச் செய்தவரின் பெயரே இருக்கும். 1930களின் கிப்சனில் அத்தகைய தோலை ஏற்றும் கைவினைஞர், அந்தப் பெயரைக் கைதாங்கியின் கீழோ டெயில்பீஸின் கீழோ ஒதுக்கிவிடுவது வழக்கம்; சிலர் அழித்தே விடுகின்றனர். காட்டவேண்டிய பெயரை நேராக நிறுத்துவதும், காட்டத்தேவையில்லாததை அடக்கமாக மறைப்பதும் ஒரே ரசனையின் இரு பக்கங்கள்.

வட்டத்தில் எழுதுவதன் சிக்கலை அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகர் வேறு வகையில் கடந்தார். இந்தக் கருவி வெறுப்பைச் சூழ்ந்து அதைச் சரணடையச் செய்கிறது என்னும் பொருள்பட அவர் தம் பாஞ்சோவின் தோலில் எழுதிய வாசகம், விளிம்பைச் சுற்றி வளையமாகவே சென்றது. சூழ்தலைப் பற்றிய வாசகம் தானும் சூழ்ந்து நின்றதால், எந்தப் பக்கம் மேல் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. வணிகச் சின்னத்துக்கு அந்த விடுதலை கிடையாது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ரிங்கோ ஸ்டாரின் பெரிய மேளத்தின் முகத்தில் குழுவின் பெயருக்கு மேல் லுட்விக் என்ற தயாரிப்பாளரின் பெயரைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்நிறுவனத்தின் விற்பனை அதன்பின் பெருகியது. தோலின்மேல் நேராக நிற்கும் பெயரின் மதிப்பைத் தயாரிப்பாளர்கள் நன்கறிவர்.

சின்னம் தன் இடத்தில் அமர்ந்தபின் வேலை காதுக்குக் கைமாறுகிறது. அழுத்தும் வளையத்தை ஏற்றி, எல்லா நட்டுகளையும் விரலாலேயே திருகி, பிறகு சாவியால் எதிரெதிராகக் கால் சுற்று வீதம் இறுக்குவார்கள். இந்தக் கட்டத்தில் படலம் சற்று நழுவக்கூடும் என்பதால், சின்னத்தின் மீதும் ஒரு கண் இருக்கவேண்டும். வளையம் சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று அளந்தபடி இறுக்கிச் சென்று, ஒவ்வொரு கொக்கியின் அருகிலும் விரலால் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி எழும்வரை திருத்துவார்கள். பெரும்பாலான வாசிப்பாளர்கள் தோலின் சுருதியை மேலைச் சுரங்களில் ஜி முதல் ஏ வரையுள்ள எல்லைக்குள் வைக்கின்றனர். ஜி-ஷார்ப் பலருக்கு உவப்பானது. தட்டிக் கேட்பதில் நம்பிக்கை இல்லாதவர்கள், மேளக்காரர்களின் இழுவிசைமானியை வைத்து 90-ஐ ஒட்டிய அளவைக் காண்பார்கள். புதிய படலம் ஓரிரு நாளில் சற்றுத் தளரும் என்பதால் இன்னொரு முறை இறுக்குவதும் உண்டு. கடைசியில் குதிரையைப் பென்சில் குறியில் நிறுத்தி, பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்தி எழும் சுரமும், அதே இடத்தில் விரலால் மெல்லத் தொட்டு எழும் சுரமும் ஒத்துவரும்வரை அதை நகர்த்தினால் வேலை முடிந்தது.

சின்னம் நேராக நிற்கும் பாஞ்சோ நன்றாக ஒலிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கோணலாக நிற்பது மோசமாக ஒலிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆயினும் தேர்ந்த ரசிகர் அதையே முதலில் பார்க்கிறார். நட்டுகளின் ஒத்த இறுக்கத்தையும், துடைத்த நாத வளையத்தையும், உள்ளே பூட்டிய கம்பிகளையும் மூடிய கருவியில் எவரும் காண இயலாது; செய்தவரின் நிதானத்துக்கு வெளியே கிடைக்கும் ஒரே சாட்சி அந்தப் பெயர்தான். திருத்த முடியாத முடிவை அவர் வேலையின் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்திருந்தால், திருத்தத்தக்கவற்றையும் பொறுமையாகத் திருத்தியிருப்பார் என்று எதிர்பார்க்க அது போதுமான காரணம்.