வினைமுதல் இல்லாத நோய்

அம்மாவின் மருத்துவமனைத் தாள்களைக் காப்பீட்டுக்காக அடுக்கும்போதுதான் பார்த்தேன். நோய் என்ற கட்டத்தில் இ53.8 என்று எழுதியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பில், இ50 முதல் இ56 வரை வைட்டமின் குறைபாடுகள். 'ஏ' குறைந்தால் இ50, 'சி' என்றால் இ54, 'டி' என்றால் இ55. சோகை வராமல் பி12 மட்டும் குறைந்தால் அதற்குத் தனி வீடு இல்லை; ஃபோலேட், பயோட்டின் போன்றவற்றோடு ஒண்டுக்குடித்தனம். 'குறிப்பிடப்பட்ட பிற பி தொகுதி வைட்டமின்களின் குறைபாடு.'

இலக்கணம் நடத்துகிறவளுக்கு 'பிற' என்ற சொல்லைச் சும்மா தாண்டிப்போக முடியாது. இந்தப் பட்டியலில் புள்ளிக்குப் பின் 8 வந்தால் பெரும்பாலும் 'பிற'; 9 வந்தால் 'குறிப்பிடப்படாத'. அதைவிட என்னை நிறுத்தியது 'குறைபாடு'. வினைமுதல் இல்லாத பெயர். எவரும் குறைக்கவில்லை, தானே குறைந்துவிட்டது.

பி12 பாலில், முட்டையில், மீனில், இறைச்சியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் மீன் இல்லாத ஞாயிறு இல்லை. அம்மா தட்டுக்கு வந்தது குழம்பு. எங்களுக்குப் பால் காப்பி, அவளுக்குக் கடுங்காப்பி. அதுதான் பிடிக்கும் என்பாள், நாங்களும் நம்பினோம். கால் மரத்துப்போகிறது என்றபோது, பெயர்கள் மறந்தபோது, "வயசாச்சுல்லம்மா" என்று இரண்டு வருடம் சொன்னது நான்தான். ஊசி போட்டபின் சோர்வு போயிற்று. பாதத்தின் மரமரப்பு போகவில்லை.

வயதானால் இந்தச் சத்தை உறிஞ்சும் திறன் குறையும் என்பதும் உண்மை. அம்மாவுக்கு எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால், என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்கவே இல்லை.

கேட்ட ஒருத்தி உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைப் பெண்களைக் கர்ப்பகாலத்தில் வாட்டிய சோகைக்குக் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. தட்டைப் பார்த்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் தேறினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அன்று 'வில்ஸ் காரணி' எனப்பட்டதைத்தான் பின்னர் ஃபோலேட் என்று அறிந்தார்கள். இன்று அந்தச் சோகை டி52. வில்ஸின் பெயர் அதில் இல்லை. பக்கத்து அறையான டி51.0இல் அடிசன், பியர்மர் இருவர் பெயரும் இருக்கின்றன. (டி51.1இல் இமர்ஸ்லுண்ட் என்ற பெண் மருத்துவர் பெயர் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.)

குறியீடுகளே வேண்டாம் என்பதல்ல என் வாதம். எண்ணப்படாத நோய்க்கு நிதி வராது. அம்மாவின் ஊசிக்கான பணமும் வராது. எதை எண்ணத் தகுந்ததாக நினைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. டி51.3இல், பால்கூடத் தொடாத வீகன்களின் சோகைக்குப் பெயரோடு இடமிருக்கிறது. கொள்கையால் மறுத்த உணவு பட்டியலில் ஏறிவிட்டது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு அதில் வரி இல்லை. போதிய உணவின்மைக்கு இசட்59.4 உண்டே என்று பார்த்தேன். அதிலும் அம்மா அடங்கமாட்டாள். வீட்டில் உணவு இருந்தது.

படிவத்தில் இ53.8 என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.