வட்டக்களரிக்குள் ஒரு கமரா

கமரா பழக ஆசைப்படுகிற எந்தப் பிள்ளையைக் கண்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு போகம் எங்கள் வெல்லாவெளிப் பக்கம் வந்து இருந்து பார். இங்கே ஸ்டூடியோ இல்லை, திரைப்படக் கல்லூரி இல்லை. ஆனால் வெல்லாவெளி இருக்கிற போரதீவுப்பற்றுக்குக் கிழக்கே மட்டக்களப்பு வாவி நீளமாய்க் கிடக்கிறது, மேற்கே வயல் விரிகிறது. விடியற்காலையில் சூரியன் தண்ணீருக்கு மேலால் வந்து முகத்தைத் தொடும். பின்னேரம் அதே சூரியன் வேளாண்மைக்குப் பின்னால் இறங்கி, ஒவ்வொரு கதிரின் ஓரத்தையும் பொன்னாக்கிவிட்டுப் போகும். முன்னொளி, பக்கவொளி, பின்னொளி எல்லாம் ஒரே நாளில், ஒரு சதம் செலவில்லாமல். இதைவிட வகுப்பறை வேண்டுமா!

ஆனாலும் நான் இவ்வளவு துள்ளுவது ஒளிக்காக மட்டுமில்லை. இங்கே சில பிள்ளைகள் படமெடுக்கப் பழகுகிற விதத்தைக் கிட்ட இருந்து பார்த்து, அவர்களோடு சேர்ந்து நானும் பழகி, அதில் சொக்கிப்போய் இருக்கிறேன். உயர்தரம் படிக்கிறவர்கள், கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போய்வருகிறவர்கள், படிப்பை விட்டுவிட்டு வயலோடு நிற்கிறவர்கள் என்று எல்லாரும் கலந்த கூட்டம். கையில் இருப்பது போன்தான். நல்ல கமரா வரட்டும், பிறகு எடுப்போம் என்று காத்திருக்கிற பழக்கம் இவர்களிடம் இல்லவே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்குக் கூத்துத்தான் தெரிகிறது. மட்டக்களப்பில் ஒரு இரவு ஆடுகிற கூத்துக்கு மாதக்கணக்காகப் பழகுவார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்கு ஆள் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும், கொடுப்பார். பிறகு தாளக்கட்டு, ஆட்டம், பாட்டு எல்லாம் பழக்குவார். கால் பதிந்த பிறகு சதங்கை அணிவார்கள். பிறகு கிழமைக்கூத்து, அதாவது கிழமைக்கு ஒரு தரம் ஆடிப் பார்ப்பது. பிறகு அடுக்குப் பார்ப்பது, அதாவது முழுக் கூத்தையும் ஒத்திகை பார்ப்பது. இவ்வளவும் முடிந்தபிறகுதான் அரங்கேற்றம். யாரும் முதல் நாளிலேயே முடி தரித்துக் களரிக்கு வருவதில்லை. இந்தப் பிள்ளைகள் கமராவையும் எடிட்டிங்கையும் அப்படியேதான் கையாளுகிறார்கள்: முதல் நாளே குறும்படம் எடுக்கப் புறப்படாமல், கிழமைக்கு ஒரு பயிற்சி, ஒரு பயிற்சிக்கு ஒரு கட்டுப்பாடு, அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும். அவர்கள் கைதேர்ந்து வருகிற வேகத்தைப் பார்க்க எனக்கு மெய் சிலிர்க்கிறது.

முதல் பயிற்சி ஒரு நிமிடம். போனை வரம்பில் ஒரு செங்கல்லில் சாய்த்து வை. அசைக்காதே, சூம் பண்ணாதே, ஒரே ஷொட். அவ்வளவுதான். 1895இல் லூமியர் சகோதரர்கள் எடுத்த படங்களெல்லாம் இப்படித்தான்: ஏறத்தாழ 17 மீற்றர் சுருள், 50 வினாடி, கமரா நின்ற இடத்தில் நிற்கும். சுருள் முடிந்தால் படமும் முடிந்தது. சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் பிரான்சில் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய சினிமாக் கல்வித் திட்டம் ஒன்று, இந்த லூமியர் நிமிடத்தையே பாடமாக வைத்தது. வெல்லாவெளி வயலில் செய்து பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். சட்டகத்தை எங்கே வெட்டுவது, எந்த நொடியில் தொடங்குவது என்ற இரண்டே முடிவு. ஆனால் அந்த இரண்டுக்காகப் பிள்ளைகள் குந்தியிருந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே! கொக்கு எந்தப் பக்கத்தால் இறங்கும், மாட்டுப்பட்டி எப்போது ரோட்டைக் கடக்கும், காற்று எப்போது விழும் என்று கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வரம்பில் நின்று பார்த்த பெத்தா ஒருவர், "என்ன மனே, நேத்தும் இந்த வரம்பத்தானே புடிச்ச? அது எங்கயும் ஓடிப்போயிருமா?" என்று கேட்டார். ஓடாது பெத்தா. ஆனால் நேற்றைய நிழல் வேறு, இன்றைய நிழல் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒளி என்றால் என்னவென்று கண்ணுக்குப் பிடிபடுகிறது.

அடுத்தது மண்டூர் – குருமண்வெளிப் பாதை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. அதில் கமராவோடு ஏறினால் கமரா தானாகவே நகரும்! கரை மெதுவாக விலகும், எதிர்க்கரை மெதுவாகப் பெரிதாகும், கையைக் கொஞ்சமும் ஆட்டத் தேவையில்லை. 1896இல் லூமியர் நிறுவனத்தின் கமராக்காரர் புரோமியோ வெனிஸ் நகரத்துக் கால்வாயில் படகில் கமராவை வைத்து எடுத்ததைத்தான் நகரும் ஷொட்டின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அதே கண்டுபிடிப்பை எங்கள் வாவியில் பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் தானாகவே கண்டடைந்து, "அண்ணே, நான் அசையல்ல, ஊர் அசையுது!" என்று கத்தியபோது நானும் அவனோடு சேர்ந்து கத்தினேன். பாதைப் பயணத்துக்கு ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் இருக்கிறது. ஏறுவது, மிதப்பது, இறங்குவது. அதை ஐந்து ஷொட்டில் சொல் என்றால், எந்த ஐந்து என்று மண்டையைப் போட்டுக் குடைவார்கள். அந்தக் குடைச்சல்தான் பாடம்.

தொழில்நுட்பமும் இப்படி வேலைக்குள்ளே வந்து சேர்ந்துவிடுகிறது. கூத்துப் பழகுகிற இடத்தில் இரவில் டியூப் லைற் எரியும். போன் தன்பாட்டுக்கு வினாடிக்கு 30 சட்டகம், ஷட்டர் 1/60 என்று எடுத்தால் படத்தில் மெல்லிய பட்டைகள் ஓடும், வெளிச்சம் துடிக்கும். காரணம், இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். லைற் வினாடிக்கு 100 தரம் மின்னுகிறது. வினாடிக்கு 25 சட்டகமும் ஷட்டர் 1/50ம் வைத்த மறுகணம் துடிப்பு அடங்கிவிடுகிறது. இதை யாரும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கவில்லை. மத்தளக்காரரின் முகத்தில் ஓடிய பட்டை படிப்பித்தது. வெள்ளைச் சமநிலையைப் பூட்டி வைப்பது, முகத்தில் விரலை அழுத்தி ஒளியளவை நிறுத்தி வைப்பது, வானம் வெளுத்தாலும் முகம் கருகக்கூடாது என்று தீர்மானிப்பது எல்லாமே கைப்பழக்கமாய் ஊறிவிட்டன.

ஆனால் மகுடம் வைத்த பயிற்சி என்றால் அது களரிதான். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது.

எந்தத் திரைப்படப் பாடப் புத்தகமும் 180 பாகை விதியைச் சொல்லும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால், இருவருக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள். கமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்கட்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். மேசையில் இரண்டு பேரை உட்கார வைத்து இதைப் பழகுவது சுலபம். எங்கள் கூத்தோ வட்டக்களரியில் நடக்கிறது! நான்கு பக்கமும் சனம். நடுவில் அண்ணாவியார், மத்தளம், சல்லரி. ஆடுகிறவர்கள் வட்டமாகச் சுற்றுகிறார்கள். வடமோடிக் கூத்தில் இரண்டு வீரர்கள் வாதாடுகிறபோது நிற்கவே மாட்டார்கள், அவர்களோடு சேர்ந்து அந்தக் கோடும் சுழல்கிறது. இப்போது கமராவை எங்கே வைப்பாய்?

இந்தக் கேள்வியோடு பிள்ளைகள் கிழமைக்கூத்துக்குக் கிழமைக்கூத்து போய் நின்றார்கள். ஒரு கிழமை முழு வட்டத்தையும் தூரத்தில் நின்று எடுத்தார்கள். ஒரு கிழமை ஒரே ஆட்டக்காரரின் காலை மட்டும். ஒரு கிழமை பார்க்கிறவர்களின் முகங்களை மட்டும். பிறகு எடிட் பண்ண உட்கார்ந்தபோது விடை தானாக வந்தது. ஆடுகிறவரே கமராவுக்கு முன்னால் கோட்டைக் கடந்து போனால், அந்த ஷொட்டுக்குள்ளேயே திசை மாறிவிடுகிறது; பார்க்கிறவருக்குக் குழப்பமில்லை. அது கிடைக்காத இடத்தில் மத்தளத்தில் விழுகிற கையை ஒரு நொடி வை, அல்லது சதங்கைக் காலை வை. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்துக்கும் போகலாம். இதை ஒரு தங்கச்சி லப்டொப்பில் வெட்டிக் காட்டியபோது, அந்த வெட்டு தெரியவே இல்லை. பத்துத் தரம் ஓடவிட்டுப் பார்த்தோம், கூத்து ஓடிக்கொண்டே இருந்தது, வெட்டு கண்ணில் படவில்லை. உலகத்தில் எத்தனையோ எடிட்டர்கள் காசு கொடுத்துப் படிக்கிற பாடம் அது. எங்கள் ஊர்க் களரி அதைச் சும்மா கொடுக்கிறது.

எடுத்தவரே வெட்டவேண்டும் என்பது இவர்களின் கண்டிப்பான சட்டம். நான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். டைம்லைனில் தன் கிளிப்போடு மல்லுக்கட்டிப் பார்த்த பிள்ளை அடுத்த கிழமை கமரா பிடிக்கிற விதமே வேறு. நடப்பது தொடங்குவதற்கு முன்னாலேயே பதிவை அழுத்துகிறது. முடிந்த பிறகும் இரண்டு மூச்சு விட்டு நிறுத்துகிறது. கதவைத் திறக்கிற கையை அகலமாகவும் எடுக்கிறது, கிட்டவும் எடுக்கிறது. ஏனென்றால் அசைவின் நடுவில் வெட்டினால் கண் அந்த வெட்டை மன்னித்துவிடும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கெப்கட்டில் போனிலேயே வெட்டுகிறவர்களும் உண்டு. கணினி உள்ள வீட்டில் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு. எதில் வெட்டினாலும் பாடம் ஒன்றுதான்.

இதைச் சொல்லும்போது பாலு மகேந்திராவைச் சொல்லாமல் எப்படி இருப்பது? வாவிக்கு அந்தப் பக்கம், அமிர்தகழியில் 1939இல் பிறந்த எங்கள் மண்ணின் பிள்ளை! புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கம். 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. 'வீடு' படத்தில் திரைக்கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. படம் பிடித்த கண்ணும் வெட்டிய கையும் ஒரே ஆளுடையவை. அதனால்தான் ஜன்னலால் வருகிற ஒரு துண்டு வெளிச்சத்துக்குக்கூட அவர் படத்தில் அதற்குரிய நேரம் கிடைக்கிறது. பெயர் பெற்ற பிறகும் பயிற்சியை விட்டாரா? தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துத் தொலைக்காட்சிக்குக் 'கதை நேரம்' என்று வரிசையாகக் குறும்படங்கள் செய்தார். 2007இல் சென்னையில் சினிமாப் பட்டறை தொடங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அமிர்தகழியில் விழுகிற அதே வாவி வெளிச்சம்தான் மண்டூரிலும் விழுகிறது என்று நான் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இன்னொரு பயிற்சி. ஒரே கிளிப்புகளை மூன்று பேரிடம் கொடுத்து, தனித்தனியே வெட்டச் சொல்வது. வயலோரம் குந்தியிருந்து நிமிர்ந்து பார்க்கிற ஒரு மூத்தப்பாவின் முகம். முகத்தில் எதுவும் இல்லை, சும்மா பார்க்கிறார். ஒருவர் அதற்குப் பிறகு கருமேகத்தை வைத்தார். மூத்தப்பா அறுவடையை நினைத்துக் கலங்குகிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இன்னொருவர் வெறும் கதிரையை வைத்தார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றார்கள். மூன்றாமவர் பேரப்பிள்ளை ஓடிவருவதை வைத்தார். அதே முகம் சிரிப்பதாகத் தெரிந்தது! ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்னே ஒரு நடிகரின் முகத்தோடு சூப்புக் கிண்ணத்தையும் சவப்பெட்டியையும் பெண்ணையும் ஒட்டிக் காட்டியது இதைத்தான். அவருடைய மாணவர்களுக்குப் பிலிம் தட்டுப்பாடு. பிலிமே இல்லாமல் காட்சிகளை ஆடி, வெட்டை மனதுக்குள் போட்டுப் பழகினார்கள். போன் நிறைய இடம் வைத்திருக்கிற எங்களுக்கு என்ன குறை?

எடிட்டர் வோல்டர் மேர்ச் ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல் வைத்திருக்கிறார். அதில் உணர்ச்சிக்கு 51 வீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. காட்சியின் இடம் பொருந்துவதற்கு வெறும் 4. மத்தளத்துக்கு ஏற்ப அடிக்கு அடி வெட்டத் துடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு நல்ல மருந்து. அடிக்கு அடி வெட்டினால் அது கல்யாண வீடியோ. ஆட்டக்காரரின் கண்ணில் ஒரு மாற்றம் வருகிற கணத்தில் வெட்டினால் அது சினிமா.

ஒலியையும் விடவில்லை. சட்டைப் பையில் இன்னொரு போனை வைத்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டு, பிறகு டைம்லைனில் இரண்டையும் பொருத்துவது. படத்துக்கு முன்னே ஒலியைக் கொண்டுவருகிற ஜே கட் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பிறவியிலேயே தெரியும். கூத்து இரவில் களரியைக் காண்பதற்கு முன்னால் மத்தளம்தானே வயலைத் தாண்டி வந்து கூப்பிடுகிறது! யானை விரட்டத் தூரத்தில் போடுகிற வெடியும் தவளைச் சத்தமும் சேர்த்து, கறுப்புத் திரையில் பத்து வினாடி மத்தளத்தை மட்டும் ஓடவிட்டு, பிறகு களரியைத் திறந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எடுத்ததை முதலில் களரியில் ஆடியவர்களுக்கே காட்டுவது வழக்கம். அப்படிக் காட்டிய ஒரு நாள் அண்ணாவியாரும் வந்திருந்தார். ஒரு வரவு ஆட்டத்தில் எழும்பி வந்து லப்டொப்புக்குக் கிட்டக் குனிந்து, "தம்பி, இத இன்னொருக்காப் போடு. அவன்ட இடக்கால் பிந்துறது எனக்கு இப்பதான் புடிபடுது" என்றார். போட்டோம். மறுபடியும் கேட்டார். ஆடியவரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவர் அந்த இடத்திலேயே எழும்பி ஆடித் திருத்தினார், பிள்ளைகள் அதையும் எடுத்தார்கள். இப்போது அடுக்குப் பார்க்கிற நாளுக்கு முன்பே கமராக்காரரை வரச்சொல்லி அண்ணாவியாரே ஆளனுப்புகிறார். வருகிற வெள்ளி பாதம் மட்டும், அகல ஷொட் கிடையாது என்பது பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே போட்ட கட்டுப்பாடு. நானும் போகிறேன்.