மலைமேல் ஓர் ஆங்கிலக் கிராமம்: பேக்கரின் நூலும் மலையக எழுத்தும்

நுவரெலியாவைக் 'குட்டி இங்கிலாந்து' என விளம்பரஞ் செய்வது சுற்றுலாத்துறையின் நெடுநாள் வழக்கம். செங்கல் நிறத்து அஞ்சலகமும், 1876 இல் தோன்றிய ஹில் கிளப்பும், குதிரைப் பந்தயத் திடலும் அப்பெயருக்குச் சான்றாகக் காட்டப்படும். அப்பெயரை ஓர் உவமையாகக் கொள்வதே பொதுவழக்கு. ஆயின் அது உவமையாகத் தொடங்கியதன்று. 1848 இல் ஓர் ஆங்கிலேயர் மெய்யாகவே ஓர் ஆங்கிலக் கிராமத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அம்மலையில் இறக்க முயன்றார். அம்முயற்சி ஒரு நூலாயிற்று. மலையக இலக்கியம் பற்றி நிகழும் விவாதங்களில் அந்நூல் போதிய அளவு கவனிக்கப்பட்டதெனக் கூறுவதற்கில்லை.

அவர் சாமுவேல் வைட் பேக்கர். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டறிந்தவர் என உலகறிந்தவர். இலங்கையில் வேட்டையாடித் திரிந்த காலத்தில் காய்ச்சலுற்று, உடல் தேறுவதற்காக நுவரெலியாவிற் சின்னாட்கள் தங்கினார். குளிர்ந்த காற்றும், திறந்த புல்வெளியும், சுற்றியிருந்த காடும் அவரை ஈர்த்தன. ஊர் திரும்பியவர், பண்ணை மேற்பார்வையாளர் ஒருவரையும் அவரது குடும்பத்தையும், கொல்லன் ஒருவனையும், குதிரைக்காரன் ஒருவனையும், வேறு சிலரையும் திரட்டினார். உயர்சாதிப் பசுவும், செம்மறிக் கடாக்களும், வேட்டை நாய்களும், கலப்பைகளும் உடன் ஏறின. ஏக்கர் ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் அரசிடம் நிலம் வாங்கப்பட்டது. அவர் மனத்திலிருந்தது தனி மனிதனின் தோட்டமன்று. பண்ணையும், உழவர் குடிசைகளும், கொல்லுலையும், தேவாலயமும் ஒருங்கே அமைந்த குடியேற்றம்.

நடந்தது வேறு. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை மரையும் காட்டுப்பன்றியும் மேய்ந்தன. கால்நடைகளை நோய் கொண்டுபோயிற்று. 1855 இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். இலங்கையில் எட்டாண்டு அலைந்து திரிந்த கதை என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. தன் தோல்விகளை மறையாது கூறும் நேர்மை அந்நூலின் பலம். குடியேற்ற ஆட்சியாளர் எழுதிய பயண நூல்கள் பலவற்றில் காணப்படாத நகையுணர்வும் அதில் உண்டு. றம்பொடைக் கணவாயில் குதிரைக்காரன் பேர்க்ஸ் வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, எழுத்துப்பிழை மலிந்த கடிதமொன்றில் அதனை முதலாளிக்கு அறிவிக்கும் பகுதியை இன்று படிப்பவரும் சிரியாதிருத்தல் அரிது.

அச்சிரிப்பின் இயல்பை ஆராய்தல் வேண்டும். பேர்க்ஸ் ஆங்கிலேயனே, எனினும் கீழ்த்தட்டு ஆங்கிலேயன். எனவே அவன் நகைப்புக்கு உரியவனாகிறான். ஆயினும் அவனுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு குரல் உண்டு, அக்குரலுக்கு ஒரு கொச்சையும் உண்டு. காடழித்தவர்களுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர்கள் தொகையாக வருகின்றனர். வேலை முடிந்ததும் பக்கத்தைவிட்டு மறைகின்றனர். பேக்கர் இதற்குச் சற்று முன் வெளியிட்ட வேட்டை நூலிலோ, ஸ்மட், கில்பக் முதலிய நாய்கள் பெயரோடும் குணத்தோடும் வலம்வந்து, இறக்கும்போது இரங்கலும் பெறுகின்றன. இதனைப் பேக்கரின் தனிப்பட்ட கொடுமை எனக் கொள்ளின் திறனாய்வு தவறிவிடும். அவர் கொடியவரல்லர். கிராமம் என்பது யாரைக் கொண்டு அமைவது என்ற கருத்தோடேயே அவர் கப்பலேறினார். அக்கருத்தில் கொல்லனுக்கு இடமிருந்தது, கூலிக்கு இடமிருக்கவில்லை. நூலின் பார்வை நூலாசிரியனுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது எனலாம்.

பேக்கரின் பண்ணை நிலைக்கவில்லை; அவர் கண்ட கனவு நிலைத்தது. நுவரெலியாவின் திரித்துவத் தேவாலயம் 1852 இல் அர்ப்பணிக்கப்பட்டது. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த காலத்தில், 1878 இல், டிக்கோயாவில் வார்லி தேவாலயம் எழுந்தது. கருங்கற் சுவரும், வண்ணக் கண்ணாடிச் சாளரமும், புல் மூடிய கல்லறை முற்றமுமாக அது இன்றும் காசல்றி நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கிறது. படம் பிடிப்போர் நீர்த்தேக்கத்தையும் தேவாலயத்தையும் ஒரே பழைமையாகக் காண்பர். நீர்த்தேக்கமோ 1960களில் அமைந்தது.

யாழ்ப்பாணத்தார் 'கோயிற்பற்று' என்று வழங்கும் சொல் ஈண்டு பயன்படும். ஆங்கிலக் கிராமத்தின் கோயிற்பற்று ஒரு வழிபாட்டிடம் மட்டுமன்று. பிறந்தவன் பெயர் அதன் பதிவேட்டில் ஏறும். மணம் அங்கே அறிவிக்கப்படும். இறந்தவன் அதன் முற்றத்திலேயே கிடப்பான். ஏழையாயினும் அவன் இன்ன பற்றைச் சேர்ந்தவன் என்பது எழுத்திலிருக்கும். மலைநாட்டுக்கு வந்தது இவ்வமைப்பின் மேற்கூரை மட்டுமே. கோயில் வந்தது, பற்று வரவில்லை. 1854 இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' லயங்களுக்குச் சென்று தமிழில் மறை பரப்பியது என்பதும், அதனூடு எழுத்தறிவு சிலருக்கேனும் கிட்டியது என்பதும் மறுக்கற்பாலன அல்ல. எனினும் அவ்வமைப்பின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் இருந்தமை கவனிக்கத்தக்கது.

பொகவந்தலாவை தூய மரியாள் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரனும் அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். கணவர் 1833 இன் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தோடு பெயர் இணைந்தவர். மனைவி புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். வைற் தீவின் பிறெஷ்வோட்டர் என்னும் அமைதியான கிராமத்தில் வாழ்ந்து, டெனிசனையும் டார்வினையும் படம்பிடித்தவர், 1875 இல் இலங்கை வந்து 1879 இல் இம்மலையிலேயே இறந்தார். கிராமத்து வேலைக்காரப் பெண்ணை மரியன்னையாக்கிக் காட்டிய அக்கலைஞரின் கமரா இலங்கைத் தொழிலாளரையும் நோக்கியது. அவர் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றிலுள்ள முகங்கள் பேக்கரின் எழுத்தில் இல்லாத உயிரோடு விளங்குகின்றன. பெயர்கள் மட்டும் பெரும்பாலும் இல்லை. படம் எழுத்தைவிட ஓரடி முன்சென்றது, ஓரடியே. (இவ்வம்மையார் வழிவந்த உறவினரான வேர்ஜீனியாவை மணந்த லெனாட் வுல்ப், 1913 இல் தென்னிலங்கைக் கிராமமொன்றைச் சிங்கள உழவனின் உள்ளிருந்து எழுதினார். காட்டு விளிம்பிலுள்ள கிராமத்தை அறிய ஓர் ஆங்கிலேயனால் முடிந்தது. தேயிலை மலையில் அத்தகையவர் ஒருவர் தோன்றவில்லை.)

இவற்றுக்கு மறுமொழி தமிழிலிருந்தே வரவேண்டியிருந்தது. அதன் முதன்மைக் குரல், வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து 1947 இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை. துரை பேசிய மொழியிலும் லயம் பேசிய மொழியிலும் அவர் எழுதினார். பேக்கரின் தொகையாக நின்ற கூட்டம் அவரிடம் கங்காணியாகவும், கிழவியாகவும், தப்படிப்பவனாகவும் தனித்தனியே பிரிந்து நிற்கிறது. அவருடைய தமிழ் நூல்கள் இரண்டின் தலைப்புகள் ஆழ்ந்து நோக்கற்பாலன: 'வீடற்றவன்', 'நாடற்றவர் கதை'. வீடு ஒருபுறம், நாடு மறுபுறம். இரண்டிற்கும் இடைப்பட்ட ஊர் என்ற சொல் அங்கே எழவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாட்டைப் பறித்தது. லயத்துக் காம்பரா வீட்டை மறுத்தது. ஊரோ பறிக்கப்படுவதற்கும் இருந்ததில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) என்னும் நாவற்றலைப்பு, கப்பலிலிருந்து மலையை நோக்கிய பேக்கருக்கும் பொருந்துவதாய் அமைந்தது ஒரு வினோதமே.

எனினும் மலையகப் புனைவுகளை வெறும் புகழுரையால் அணுகுதல் அவற்றுக்கே தீங்காகும். அவற்றிற் பல, லயத்தைத் துன்பத்தின் பின்றிரையாக நிறுத்தியதோடு அமைந்துவிட்டன. ஒழுகும் தகரம், இருண்ட காம்பரா, துரையின் சீற்றம் என மூன்று கோடுகளில் இடம் வரையப்பட்டுவிடுகிறது. மனிதர் துன்புறுகின்றனர், வாழ்வதாகத் தெரியவில்லை. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இதற்கு விலக்கு. அங்கே பிரச்சினை வறுமையன்று, ஒரு கொழுந்துக்காரியின் கைத்திறனும் மானமும். அவளைச் சந்தேகிக்கவும் மெச்சவும் ஒரு சமூகம் சுற்றி நிற்கிறது. மலையும், கொழுந்து நிறுக்கும் இடமும், வாய்ப்பேச்சும் சேர்ந்து அக்கதையில் ஓர் ஊர் உருவாகிவிடுகிறது. எழுதியவர் 'ஊர்' என்ற சொல்லைத் தேடிப் போகவில்லை என்பதே அதன் சிறப்பு.

இச்சொல்லாராய்ச்சி வெறும் இலக்கியப் பொழுதுபோக்கன்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ்த் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடச் சட்டத் தடை இருந்தது. தோட்டம் கிராமமன்று என்பதே அதன் உட்பொருள். வாக்களிப்பவனின் பாதையைச் செப்பனிட அவன் தெரிந்த சபைக்கே அதிகாரமில்லை. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. 2015 இல் அமைந்த அமைச்சு தன் பெயரிலேயே 'மலைநாட்டுப் புதிய கிராமங்கள்' என்பதைத் தாங்கியிருந்தது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது அதன் திட்டம். பேக்கர் பவுணுக்கு ஓர் ஏக்கர் வாங்கினார். ஏக்கர் ஒன்றுக்கு நூற்றறுபது பேர்ச். ஏழு பேர்ச்சுக்கு மக்கள் காத்திருந்த காலம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகும்.

ஆயின் அமைச்சு வருமுன்னரும் லயத்தார் பற்றின்றி வாழ்ந்தனரல்லர். மாசியில் காமன் ஊன்றப்படும். மன்மதனும் ரதியும் வேடந்தரித்து லயம் லயமாகச் செல்வர்; தப்பு முழங்கும்; சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிக்கப்படுவான்; ரதியின் புலம்பலைக் கேட்க மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒருங்கே திரளும். அவ்விரவில் தோட்டத்தின் எல்லையைத் துரையின் வரைபடம் வகுப்பதில்லை. கூத்து எவ்வளவு தூரம் நடந்துசெல்கிறதோ அதுவே எல்லை. பிறப்பும் மணமும் இறப்பும் அக்கூத்தினுள்ளேயே பதிவாகின்றன. தேவாலயப் பதிவேட்டில் இடம்பெறாதவர்கள் தமக்கென நடத்திய பதிவேடு அதுவாகும். வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தது (1983) இந்தத் திசையில். புனைகதையாளருட் பலர் அவ்வழியே செல்லாது பிரட்டுக்களத்திலேயே நின்றுவிட்டனர்.