ஒலியை அணைத்தால் என்ன குறையும்?

நாலு மாசம் வார இறுதிகளில் உட்கார்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்தேன். ஒரு எலி, ஒரு அரிசி மண்டி, 11 அறைகள், ஒரு பூனை. அவ்வளவுதான். புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு என்பதால் அந்தப் பக்கம் பெரிய கஷ்டம் இல்லை. எனக்கு ஆசை எல்லாம் இசை மேல்தான். கீபோர்டில் தட்டித் தட்டி ஒரு மெட்டு பிடித்து, அதற்கு பேஸ், தாளம் எல்லாம் சேர்த்து, ஒன்றரை நிமிஷ லூப் ஒன்று தயார் பண்ணினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நானே முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

எட்டாவது படிக்கும் என் மகளிடம் விளையாடக் கொடுத்தேன். மூன்றாவது நிமிஷம் மியூட் போட்டாள். அதற்குப் பிறகும் சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பாட்டு நல்லா இல்லையாம்மா?"

"நல்லாதாம்பா இருக்கு. ஆனா தேவையில்ல."

நல்லா இல்லை என்று சொல்லியிருந்தால் கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன். "தேவையில்ல" என்பது மனசில் தங்கிவிட்டது. ஒரு கேமில் இசை எப்போது தேவைப்படுகிறது? அதைத் தேடித்தான் பழைய கேம்களைத் திரும்ப விளையாடிப் பார்த்தேன். குறிப்பாக, 2015இல் வந்த அண்டர்டேல். (கதையின் முடிச்சுகளை வெளிப்படையாகப் பேசப்போகிறேன். விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். அதில் இசை என்று சொல்ல இருப்பதே நாலு கனமான ஒலிகள்தான். தும், தும், தும், தும் என்று இறங்கி, மறுபடி முதலிலிருந்து. எதிரிகள் குறையக் குறைய அது வேகமாகும். எதிரிகளும் வேகமாக நகர்வார்கள். அந்த வேகம் முதலில் திட்டமிட்டு வந்தது இல்லை. அந்தக் கால பிராசஸருக்கு 55 உருவங்களை வரைவது பெரிய சுமை. சுட்டுத் தள்ளத் தள்ள வரைய வேண்டியது குறைந்து, மிச்சம் இருப்பவை வேகமெடுத்தன. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். ஒலியும் கூடவே ஓடியது. கண் திரையில் இருக்க, ஆபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்று காது சொல்லிவிடும்.

1985இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். கோஜி கோண்டோவின் இசை. அந்த மெட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நேரம் 100க்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு வேகமாகிவிடும். மூலையில் இருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த இரண்டையும் வைத்து எனக்கு நானே ஒரு சோதனை வகுத்துக்கொண்டேன். ஒலியை அணைத்துவிட்டு விளையாடு. ஆட்டத்தில் என்ன குறைகிறது? ஒன்றும் குறையவில்லை என்றால் அந்த இசை, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரிதான். என் எலிக்குப் போட்ட மெட்டு அந்த வகை.

சரி, அண்டர்டேலுக்கு வருவோம். டோபி ஃபாக்ஸ் என்கிற அமெரிக்கர் கதை, வசனம், புரோகிராம், இசை என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே செய்த கேம். ஓவியத்தில் டெமி சாங் பெரிய துணை. 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் 5,000 டாலர் கேட்டார், 51,124 டாலர் கிடைத்தது. கேம்மேக்கர் மென்பொருளில் செய்தது. இசைத்தொகுப்பில் மட்டும் 101 தடங்கள். இன்னொரு விஷயம், இது என் தொழில் சார்ந்த அல்ப சந்தோஷம்: கேமின் வசனங்கள் ஒரே ஒரு ராட்சச ஸ்விட்ச் கட்டளைக்குள் வரிசையாகக் கிடக்கின்றன என்பது உள்ளே நோண்டிப் பார்த்தவர்களால் வெளியே தெரிந்தது. எங்கள் ஆபீசில் அப்படி ஒரு கோடை ரிவ்யூவுக்கு அனுப்பினால் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கேமை நான் அழுதுகொண்டே முடித்தேன்.

கதை எளிது. அரக்கர்கள் வாழும் பாதாளத்தில் ஒரு குழந்தை விழுந்துவிடுகிறது. எதிரே வருபவர்களைக் கொல்லலாம், அல்லது பேசிச் சமாளித்து விட்டுவிடலாம். ஒருவரைக்கூடக் கொல்லாமலே கடைசிவரை போக முடியும்.

வாட்டர்ஃபால் என்ற பகுதியில், மேலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில், நனைந்தபடி ஒரு சிலை உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் குடைகள் இருக்கும். ஒன்றை எடுத்து வந்து சிலைக்குப் பிடித்தால், அதற்குள்ளிருந்து ஒரு மியூசிக் பாக்ஸ் பாட ஆரம்பிக்கும். கட்டாயம் இல்லை, கவனிக்காமலே கடந்துபோகலாம். கொஞ்சம் தள்ளி ஓர் அறையில் ஒரு பியானோ. சிலையிடம் கேட்ட மெட்டின் முதல் 8 ஸ்வரங்களைச் சரியாக வாசித்தால் கதவு திறக்கும். உள்ளே ஏதோ அபூர்வமான பொருள். எடுக்கப் போனால், ஒரு வெள்ளை நாய் வந்து அதை விழுங்கிவிடும்! அந்த நாய் ஃபாக்ஸ் தனக்காக வைத்திருக்கும் அடையாளம்.

முதல் தடவை நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் அந்த நகைச்சுவைக்குப் பின்னால் அவர் வேலையை முடித்துவிட்டார். ஒரு மெட்டைக் கேட்கவைத்து, நினைவில் நிறுத்தச் சொல்லி, என் விரலாலேயே வாசிக்கவும் வைத்துவிட்டார். பல மணி நேரம் கழித்து, கடைசிச் சண்டையில், அழுதுகொண்டே எதிர்த்து நிற்கும் அஸ்ரியல் என்ற சிறுவனுக்கு அதே மெட்டு ஒலிக்கிறது. அது எனக்குத் தெரிந்த பாட்டு, நான் வாசித்த பாட்டு. சினிமாவில் படம் எடுத்து முடித்த பிறகுதான் பெரும்பாலும் பின்னணி இசை சேர்க்கிறார்கள். இங்கே மெட்டு இல்லாவிட்டால் காட்சியே இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். எல்லோரையும் கொல்லும் வழியை ரசிகர்கள் ஜெனோசைட் ரூட் என்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் இனி யாருமே வராத அளவுக்குத் தேடித் தேடிக் கொல்ல வேண்டும். அந்த வழியில் ஸ்னோடின் என்ற பனி ஊருக்குள் நுழைந்தால் கடையில் ஆள் இல்லை, தெருவில் ஆள் இல்லை. போன தடவை குதூகலமாகக் கேட்ட ஊரின் பாட்டு, இப்போது சுருதி இறங்கி இழுத்து இழுத்து ஓடுகிறது. புதிதாக ஒன்றும் இசையமைக்கவில்லை. அதே ஃபைலை வேகம் குறைத்து ஓட்டியிருக்கிறார். ஏறக்குறைய ஒரு வரி புரோகிராம். இசையமைப்பாளரும் புரோகிராமரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இதற்கே ஒரு மீட்டிங் போட்டிருப்பார்கள்.

இதுவரை பாராட்டு. இனி என் மனக்குறை.

அந்தக் கொலை வழியின் கடைசியில் ஸான்ஸ் என்ற எலும்புக்கூடு குறுக்கே நிற்கும். அப்போது ஒலிப்பது மெகலோவேனியா. கேமைத் தொடாதவர்களுக்கும் தெரிந்த பாட்டு. 2019இல் நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் சேர்ந்தது. 2022 ஜனவரியில் வாடிகனில் போப் பிரான்சிஸ் முன்னால் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டியபோதுகூட இதுதான் ஓடியது.

அந்த வழி முழுக்க வேண்டுமென்றே சலிப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது. இதைச் செய்யாதே, திரும்பிப் போ என்று கேம் பல விதத்தில் சொல்கிறது. முடிந்தது என்பதற்காகவே செய்து பார்க்கிறவன் நீ என்று விளையாடுபவரையே குத்திக்காட்டுகிறது. நல்லது. ஆனால் முழுக் கேமிலும் கடினமான, விறுவிறுப்பான சண்டையையும், ரத்தத்தைச் சூடாக்கும் பாட்டையும் அதே வழியின் முடிவில் கொண்டுபோய் வைத்தது யார்? கண்டிக்கிறவரே கையில் பரிசையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதற்கும் ரசிகர்கள் விளக்கம் தருவார்கள், உன் ஆசையை அம்பலப்படுத்தத்தான் அந்தப் பரிசு என்று. எனக்கு ஒப்பவில்லை. ஸ்னோடினில் பாட்டை இழுத்து ஓட்டி என்னைக் கூசவைத்தவர், ஸான்ஸிடம் வந்ததும் கூச்சத்தை மறக்கடிக்கிறார். அங்கே இசை கதைக்கு எதிராக வேலை செய்கிறது. அதனால்தான் இந்தப் பாட்டு கேமிலிருந்து இவ்வளவு சுலபமாகக் கழன்று ஊரெல்லாம் சுற்றுகிறது என்று நினைத்தேன்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் அண்டர்டேல் விளையாடியதில்லை, ஆனால் பீரோவில் துணி அடுக்கும்போது மெகலோவேனியாவை முணுமுணுப்பாள். "அது ஒரு தண்டனைப் பாட்டு, தெரியுமா?" என்றேன் கொஞ்சம் வாத்தியார் தோரணையில்.

"அது இந்த கேமுக்கே போட்டது இல்லப்பா. முன்னாடியே இருந்துச்சு."

உண்மைதான். எனக்கும் தெரியும், வசதியாக மறந்திருந்தேன். ஃபாக்ஸ் பள்ளி மாணவராக இருந்தபோது, 2008இல், எர்த்பவுண்ட் என்ற பழைய நின்டெண்டோ கேமை மாற்றியமைத்து ஒரு ஹாலோவீன் பதிப்பு செய்தார். மெகலோவேனியா முதலில் வந்தது அதில்தான். பிறகு ஹோம்ஸ்டக் என்ற இணையக் காமிக்ஸில் வந்தது. ஸான்ஸிடம் வந்து சேர்ந்தது மூன்றாவது வீடாக. அதாவது அந்த மெட்டு எங்கிருந்தும் கழன்று வரவில்லை. கழற்றி மாட்டக்கூடியதாகவே 7 வருஷம் அவரிடம் இருந்திருக்கிறது.

அதனால் என் சோதனையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். மெட்டுக்கு என்று தனியாக அர்த்தம் கிடையாது. எந்தக் கதவுக்குப் பின்னால், என்ன செய்த பிறகு அது கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது. பியானோ அறையில் ஃபாக்ஸ் அதை முழுசாகச் சாதித்தார். மெகலோவேனியாவில் பழைய நல்ல பாட்டு ஒன்று கையில் இருந்தது, அதை விட மனசு வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. இசையும் தெரிந்த படைப்பாளிக்கு வரக்கூடிய ஆபத்து இது. அடுத்தவர் பாட்டு என்றால் தயங்காமல் வெட்டலாம். தன் பாட்டை எப்படி வெட்டுவது?

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா? போன வாரம்தான் வெட்டினேன். என் கேமில் இப்போது பாட்டே இல்லை. மண்டி நிசப்தமாக இருக்கிறது. பூனை பக்கத்து அறைக்கு வந்தால் மட்டும் மெல்லத் தவில் மாதிரி ஒரு அதிர்வு. பூனை நெருங்க நெருங்க வேகம் கூடும். மகள் இந்தத் தடவை மியூட் போடவில்லை, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள். ஒரு இடத்தில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எலியை மூட்டைக்குப் பின்னால் நகர்த்தாமல் அப்படியே நிறுத்தி வைத்தாள். பூனை கடந்துபோனது.

ஒன்றரை நிமிஷ மெட்டை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. அதற்கான அறை எது என்று தெரிந்தால் போடலாம்.