ஓடு கட்டும் இரவு

நாமக்கல் முட்டை என்றாலே பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. அதன் ஓட்டை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் காற்று போய்வர ஆயிரக்கணக்கான நுண்துளைகள். நூற்றுக்குத் 94 பங்கு கால்சியம் கார்பனேட். கடலில் பவளம் தன் வீட்டைக் கட்டுவதும் இதே பொருளால்தான்.

கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் கால்சியம் ரியாக்டர் என்றொரு கருவி வைத்திருப்பார்கள். உருளைக்குள் பவளச் சில்லு. அதன் ஊடே கரியமில வாயு கலந்த நீர். அங்கே பிஎச் 6.5 பக்கம் இறங்கினால் கல் கரையும். கரைசல் சொட்டுச்சொட்டாகத் தொட்டிக்குப் போகும். தொட்டியின் பிஎச் 8.2 அளவில் நிற்க வேண்டும். அப்போதுதான் பவளம் அதை எடுத்துக் கட்டும். வாயு கூடினால் தொட்டியின் பிஎச் சரியும், குறைந்தால் கல் கரையாது. குமிழிகளை எண்ணி வால்வைத் திருகுகிறவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

நம் பண்ணைக் கூண்டில் நிற்கிற வெள்ளைக்கோழி இத்தனையையும் உடம்புக்குள்ளேயே நடத்துகிறது. தின்ற கிளிஞ்சலை இரைப்பையின் அமிலம் கரைக்கிறது. கால்சியம் ரத்தத்தில் ஏறிக் கருப்பைக்குப் போகிறது. கோழியின் உடம்பில் உண்டாகும் கரியமில வாயுவே அங்கே கார்பனேட்டாக மாறி அதனோடு சேர்கிறது. கழிவு என்று நாம் நினைக்கிற வாயுவில் பாதி ஓடு இருக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவதோ அதில் மிகச் சிறு பங்கு. வடிய வடிய நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு படியப் படிய அமிலமும் சேரும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றி, ரத்தத்தின் பிஎச்சை 7.4 பக்கமே நிறுத்துகின்றன. ஏறக்குறைய 20 மணி நேர வேலை. பெரும்பங்கு நடப்பது விளக்கணைத்த பிறகு. குடலில் கிளிஞ்சல் தீர்ந்தால், எலும்புக்குள் இதற்கென்றே சேர்த்துவைத்த தனி எலும்பைக் கரைத்துக்கொள்ளும். முட்டையிடும் பறவைகளுக்கு உரிய இந்தச் சேமிப்பின் தடயத்தை, டைரனோசர் ஒன்றின் தொடை எலும்பிலும் கண்டதாக 2005-இல் அறிவித்தார்கள்.

இந்த நுட்பத்தைக் கலைப்பது நம்முடைய சித்திரை வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இளைக்க இளைக்கக் கரியமில வாயு வெளியேறிவிடும், ரத்தத்தின் பிஎச் ஏறும், ஓட்டுக்கான சரக்கு குறையும். கோடையில் உடைசலும் தோல்முட்டையும் பெருகுவதற்கு, தீவனம் குறைவாக எடுப்பதோடு இதுவும் ஒரு காரணம். 1980-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் வாடிய கோழிகளுக்குக் கரியமில வாயு ஏற்றிய சோடா நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள், ஓடு தடித்தது. ரியாக்டரில் வாயுவைத் திறந்துவிடுவதும் இதுவும் எனக்கு ஒரே கையின் வேலையாகத் தெரிகிறது.

நம் பண்ணைகளுக்குச் சோடா நீர் கட்டுப்படியாகாது. ஆனால் மாலைத் தீவனத்தில் பருவெட்டுக் கிளிஞ்சல் கட்டுப்படியாகும். பொடி சீக்கிரம் கரைந்து போய்விடும். பருவெட்டு அரைவைப்பையில் தங்கி, ஓடு கட்டும் இரவு முழுக்க மெல்லக் கரையும். பண்ணை வைத்திருப்பவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும், இந்த ஒரு கைப்பிடியில் மட்டும் பிடிக்க வேண்டாம்.